பத்து நாள் கணக்கில் காணாமல் போன 53 கோப்புகள்: ஒரு தரவோட்டக் கோளாறின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேற்கு மாவட்டங்களில் பால் கொள்முதல் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தின் தரவு வேலையை மூன்று பேர் கொண்ட எங்கள் குழு கவனித்து வருகிறது. மொத்தம் 140 கிராமக் கொள்முதல் மையங்கள். ஒவ்வொன்றிலும் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை பால் எடுப்பார்கள். பால் ஊற்ற வருபவரின் எண்ணைத் தட்டியதும் தராசிலிருந்து அளவும், பரிசோதனைக் கருவியிலிருந்து கொழுப்பும், எஸ்என்எஃப் என்று சொல்லும் கொழுப்பு நீங்கலான திடச்சத்தும் கணினிக்கு வந்துவிடும். விலை இந்த இரண்டு அளவையும் பொறுத்தது. ஊற்றியவர் கையில் ஒரு சீட்டு அச்சாகி வரும். வேளை முடிந்ததும் மையத்தை நடத்தும் ஏஜென்ட் கணக்கை மூடுவார். அந்த வேளையின் பதிவுகள் எல்லாம் ஒரே சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வரிகள் கொண்ட எளிய கோப்பு) எங்கள் சர்வரின் ஒரு கோப்புறைக்கு, கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபி வழியாக வந்து சேரும்.

அங்கிருந்து தரவுத்தளம் வரை கொண்டு போவது அப்பாச்சி நைஃபை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில் உருவாகி 2014-ல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்ட மென்பொருள் இது. பெட்டி பெட்டியாகத் திரையில் வைத்து, அம்புக்குறியால் இணைத்து, தரவு ஓடும் பாதையை வரைந்துவிடலாம். எங்கள் பாதை எளிமையானது. கோப்புறையில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று லிஸ்ட்எஸ்எஃப்டிபி பட்டியலிடும், ஃபெட்ச்எஸ்எஃப்டிபி அவற்றை எடுத்து வரும், அடுத்த பெட்டிகள் வரிகளைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் எழுதும். பட்டியலிடும் பெட்டி ஒரு நாளில் ஐந்து முறை ஓடும். காலைக் கோப்புகளுக்கு 10 மணி, மாலைக் கோப்புகளுக்கு 21.30. மின்வெட்டு, இணைய வெட்டு என்று தாமதமாக வருபவற்றுக்காக 13.00, 23.30, மறுநாள் 5.00 என்று மூன்று கூடுதல் ஓட்டம்.

பத்து நாளைக்கு ஒரு முறை பட்டுவாடா. நவம்பர் 1 முதல் 10 வரையிலான கணக்குக்கு 12-ம் தேதி மையங்களுக்கு முன்பட்டியல் போகும். 15-ம் தேதி வங்கிக் கணக்கில் பணம் ஏறும். மாடு வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு அந்தப் பணம்தான் தீவனக் கடைக்கும் மளிகைக்கும். ஒரு வேளை விடுபட்டால் எங்கள் திரையில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான். அவர்கள் வீட்டில் அது அப்படி இல்லை. இந்த நிகழ்வை விரிவாக எழுதி வைப்பதற்கு அதுதான் காரணம்.

முதல் புகார்

12-ம் தேதி ஒரு மையத்தில் முன்பட்டியலைப் பார்த்த பால் உற்பத்தியாளரான ஓர் அம்மா, தன் சீட்டுகளை எடுத்து வந்து ஏஜென்டிடம் கொடுத்தார். கையில் 20 சீட்டு. பட்டியலில் 17 வேளை. ஏஜென்ட் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தார். "கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கான்னு நான் ராத்திரியே பார்த்தேங்க மேடம். எங்க பக்கம் எல்லாம் இருக்கு. உங்க பக்கம்தான் இல்ல" என்று அவர் சொன்னதாகக் கணக்குப் பிரிவில் இருந்தவர் எங்களிடம் பிறகு சொன்னார். அன்றைக்கு அந்தப் புகாருக்கு எதிரே எழுதப்பட்ட குறிப்பு: மையத்தில் தவறு இருக்கலாம், சரிபார்க்கவும்.

மறுநாள் மதியம் இன்னும் இரண்டு மையங்களிலிருந்து இதே மாதிரி போன் வந்தது. அப்புறம்தான் விஷயம் எங்கள் மேசைக்கு வந்தது. பட்டுவாடாவுக்கு இரண்டு நாள் இருந்தது.

பச்சையாகவே இருந்த திரை

நைஃபை திரையில் ஒரு குறையும் தெரியவில்லை. எந்தப் பெட்டியிலும் சிவப்பு எச்சரிக்கை இல்லை. எந்த வரிசையிலும் தேக்கம் இல்லை. தரவுத்தளப் பதிவேட்டில் பிழை இல்லை. நைஃபையின் எச்சரிக்கைச் செய்திகள் ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும் என்பதால் பதிவுக் கோப்புகளையும் பத்து நாளுக்குத் தேடிப் பார்த்தோம். அங்கும் ஒன்றுமில்லை.

முதல் சந்தேகம் தரவுத்தளத்தில் எழுதும் பெட்டியின் மீது. நைஃபையில் ஒவ்வொரு பெட்டிக்கும் வெற்றி, தோல்வி என்று வெளியேறும் வழிகள் உண்டு. தோல்வி வழியை எங்கும் இணைக்காமல் 'தானாக முடித்துவிடு' என்று குறியிட்டு வைத்தால், தோற்ற தரவு சத்தமில்லாமல் அழிந்துபோகும். தரவு தொலைந்தது என்று யார் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பார்த்தோம். எங்கள் தோல்வி வழிகள் எல்லாம் ஒழுங்காக ஒரு தனி வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த வரிசை காலியாக இருந்தது.

இரண்டாவது இடத்தில் ஒரு தவறு கிடைத்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள இணைப்புக்குக் காலாவதி நேரம் வைக்கலாம். இயல்பாக அது பூஜ்ஜியம், அதாவது காலாவதியே இல்லை. எங்கள் பாதையில் ஒரே ஓர் இணைப்பில் மட்டும் ஒரு மணி நேரம் என்று இருந்தது. சோதனை ஓட்டத்தின்போது பழைய தரவு தேங்காமல் இருக்க நாங்களே வைத்து, எடுக்க மறந்தது. வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் கோப்பு அங்கே அழிந்துவிடும்.

கண்டுபிடித்துவிட்டோம் என்றே நினைத்தோம். கணக்குப் பிரிவுக்குச் செய்தி அனுப்பத் தயாரானோம். குழுவில் வயதில் இளையவர்தான் தடுத்தார். "அண்ணா, காலாவதி ஆகியிருந்தா புரொவெனன்ஸ்ல பதிவு இருக்கணுமே?" சரியான கேள்வி. நைஃபை தன் வழியே போகும் ஒவ்வொரு கோப்புக்கும் வந்தது, மாறியது, போனது, காலாவதியானது என்று வரலாறு எழுதி வைக்கும், அதன் பெயர்தான் புரொவெனன்ஸ். எங்கள் அமைப்பில் அந்த வரலாறு 24 மணி நேரம் மட்டுமே சேமிப்பில் இருக்கும். அதற்குள் தேடினால் காலாவதி நிகழ்வு ஒன்றுகூட இல்லை. அந்த வரிசையில் எந்தக் கோப்பும் சில விநாடிகளுக்கு மேல் நின்றதே இல்லை. காலாவதியை நீக்கினோம். அது தவறுதான், ஆனால் எங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு அது காரணம் இல்லை. அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால், 'சரிசெய்துவிட்டோம்' என்று சொல்லி அன்றே வேலையை மூடியிருப்போம். அடுத்த பத்து நாளிலும் அதே அம்மா சீட்டோடு வந்திருப்பார்.

இரண்டு பக்கமும் எண்ணியது

13-ம் தேதி இரவு எட்டு மணிக்கு, அமைப்புக்குள் தேடுவதை நிறுத்திவிட்டு வெளியே நின்று எண்ணத் தொடங்கினோம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. 140 மையம், இரண்டு வேளை, பத்து நாள்: வர வேண்டியவை 2,800 கோப்புகள். சர்வர் கோப்புறையில் இருந்தவை 2,796. குறைந்த நான்கும், கருவி பழுதாகி இரண்டு நாள் மூடியிருந்த ஒரே மையத்துடையவை. ஆக மையங்களிலிருந்து வர வேண்டியது எல்லாம் வந்திருக்கிறது. தரவுத்தளத்தில் இருந்த தேதி, மையம், வேளைச் சேர்க்கைகள் 2,743.

53 கோப்புகள் நம் வாசல் வரை வந்து, உள்ளே வரவில்லை. ஏஜென்ட் முதல் நாளே சொன்னது முழு உண்மை.

நல்லவேளையாக ஃபெட்ச்எஸ்எஃப்டிபி கோப்பை எடுத்த பிறகு சர்வரில் அழிக்கும்படி நாங்கள் அமைக்கவில்லை. மூலக் கோப்புகள் 53-ம் அப்படியே இருந்தன. அழிக்கும்படி வைத்திருந்தாலும் இவை எடுக்கப்படாததால் தப்பியிருக்கும். ஆனால் எடுக்கப்பட்டவையும் இருந்ததால்தான் இந்த ஒப்பீட்டை ஓர் இரவில் செய்ய முடிந்தது.

53 பெயர்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தோம். 19 மையங்கள். காலை, மாலை இரண்டும் கலந்திருந்தன. கோப்பின் அளவில் ஒற்றுமை இல்லை. ஆனால் 19 மையங்களும் மலையடிவாரக் கிராமங்கள், அல்லது பருவமழையில் மின்சாரம் அடிக்கடி போகும் ஊர்கள். அந்தப் பகுதி மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்த்ததும், "இதெல்லாம் நெட் கட்டாகுற ஊருங்க" என்றார்.

அடுத்து, இந்த 53-ல் சேராத, 12, 13 தேதிகளில் விடுபட்ட கோப்புகளில் 24 மணி நேரத்துக்குள் வந்த இரண்டின் பெயரைப் புரொவெனன்ஸில் தேடினோம். வந்ததாகக்கூடப் பதிவு இல்லை. நைஃபைக்கு இந்தக் கோப்புகள் இருப்பதே தெரியாது. அதனால்தான் அத்தனை திரையும் பச்சை. தான் கண்டதைத்தான் ஓர் அமைப்பு பிழை என்று சொல்ல முடியும். காணாததைப் பற்றி அது எதையும் சொல்லாது.

2020-ல் இங்கிலாந்தில் நடந்தது அன்றிரவு எங்கள் பேச்சில் வந்தது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டன. ஆய்வகங்களிலிருந்து வந்த தரவைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றினார்கள், அந்த வடிவம் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. தொற்று உறுதியானவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலை அதனால் பிந்தியது. எங்கள் கணக்கு அதோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆனால் கோளாறின் குணம் ஒன்றே: ஒரு படி முடிந்து அடுத்த படிக்குப் போகும் இடத்தில் எண்ணிக்கையை ஒப்பிட யாரும் இல்லை.

காரணம்

14-ம் தேதி காலை மழை. அடிவார மையங்கள் ஏழில் இணையம் இல்லை என்று மேற்பார்வையாளர் சொன்னார். எங்களுக்கு அது வேண்டியிருந்தது. கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். 11.20-க்கு ஒரு கோப்பு வந்து விழுந்தது. கோப்புப் பட்டியலில் அதன் எதிரே இருந்த நேரம் 7.40.

கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளை கொடுத்துப் பார்த்தால் இரண்டு நேரங்கள் தெரிந்தன. உள்ளடக்கம் கடைசியாக மாற்றப்பட்ட நேரம் 7.40, அது மையத்துக் கணினியில் ஏஜென்ட் கணக்கை மூடிய நேரம். கோப்பின் நிலை மாறிய நேரம் 11.20, அதை எங்கள் சர்வரே எழுதுகிறது, வெளியிலிருந்து அனுப்புபவரால் மாற்ற முடியாது. அதாவது, கோப்பை அனுப்பும் மென்பொருள் பழைய நேரத்தையும் சேர்த்துக் கொண்டுவந்து ஒட்டுகிறது.

லிஸ்ட்எஸ்எஃப்டிபி பெட்டியின் நிலையை, அதாவது அது தன் நினைவில் குறித்து வைத்திருப்பதை, திறந்து பார்த்தோம். அதில் ஒரு நீண்ட எண் இருக்கும். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய மில்லி விநாடிகள். மாற்றிப் பார்த்தால் அன்று காலை 8.52. 10 மணி ஓட்டத்தில் கண்ட கோப்புகளிலேயே மிகப் புதியதன் நேரம் அது. 13.00 ஓட்டம் வந்தது. 7.40 கோப்பு கண்முன்னே கோப்புறையில் கிடந்தது. பெட்டி அதைத் தொடவில்லை.

விளக்கம் எளிது. எங்கள் பெட்டி 'ட்ராக்கிங் டைம்ஸ்டாம்ப்ஸ்' என்ற முறையில் ஓடியது. இயல்பாகவே வருவது அதுதான். ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அது நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கடைசியாகக் கண்ட மிகப் புதிய நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அதற்குப் பிந்திய நேரமுள்ள கோப்புகளையே புதியவை என்று எடுக்கும். நினைவகம் குறைவாகச் செலவாகும், வேகமாக ஓடும். குறித்து வைத்த நேரத்துக்கு முந்தைய நேரத்தோடு ஒரு கோப்பு பிறகு வந்து சேர்ந்தால் இந்த முறையால் எடுக்க முடியாது என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நாங்கள் அந்த வரியைப் படிக்கவில்லை.

அப்படியென்றால் ஒன்றரை ஆண்டு எப்படிச் சரியாக ஓடியது? செப்டம்பர் நடுவில் மையங்களின் கோப்பு அனுப்பும் நிரல் மாற்றப்பட்டது. பழைய நிரல் அனுப்பிய கோப்பு, சர்வரில் வந்து விழுந்த நேரத்தையே தாங்கும். எவ்வளவு தாமதமானாலும் அது 'புதிய' கோப்பு. புதிதாக வைத்த இலவச மென்பொருள் மூல நேரத்தை இயல்பாகவே காப்பாற்றும். ஆவணங்களைப் பிரதியெடுப்பவருக்கு அது நல்ல வசதி. எங்களுக்கு அது தெரியவில்லை. மாற்றியது களத்தொழில்நுட்பக் குழு. சோதித்துப் பார்த்தது நல்ல இணையம் உள்ள மூன்று மையங்களில். அங்கே எல்லாக் கோப்பும் 10 மணிக்குள் வந்துவிட்டதால் எதுவும் தவறவில்லை. மழை தொடங்கிய பிறகுதான் கோளாறு வெளியே வந்தது. தாமதமாக வருபவற்றுக்கென்றே வைத்த மூன்று கூடுதல் ஓட்டங்களும், தாமதமாக வந்த கோப்புகளை மட்டும் எடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

பட்டுவாடாவுக்கு முன் எடுத்த முடிவு

14-ம் தேதி மதியம் எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

இருக்கிற கணக்கின்படி 15-ம் தேதி பணம் போட்டுவிட்டு, விடுபட்டதை அடுத்த தவணையில் சேர்ப்பது ஒன்று. கணக்குப் பிரிவுக்கு அது எளிது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தவறு எங்களுடையது, அதற்குப் பத்து நாள் கடன் சொல்ல வேண்டியவர்கள் மாடு வைத்திருப்பவர்கள் இல்லை.

பெட்டியின் நிலையை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி பட்டியலிடச் செய்வது இன்னொன்று. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். எங்கள் விஷயத்தில் இது ஆபத்து. கோப்புறையில் பல மாதக் கோப்புகள் கிடந்தன, தரவுத்தள அட்டவணையிலோ ஒரே பதிவு இரண்டு முறை ஏறாமல் தடுக்கும் தனித்திறவு இல்லை. நிலையை அழித்திருந்தால் எல்லாருக்கும் இரட்டைக் கணக்கு ஏறியிருக்கும்.

நாங்கள் எடுத்தது மூன்றாவது வழி. விடுபட்ட கோப்புகளை மட்டும் டச் கட்டளையால் தொட்டு, அவற்றின் நேரத்தை 'இப்போது' என்று மாற்றுவது. மாற்றினால் பெட்டி அவற்றைப் புதியவை என்று எடுத்துக்கொள்ளும்.

இதிலும் இரண்டு கவனம் வேண்டியிருந்தது. தொட்டவுடன் பழைய நேரம் அழிந்துவிடும், பிறகு காரணத்தை நிரூபிக்க ஆதாரம் இருக்காது. அதனால் முதலில் ஒவ்வொரு கோப்பின் ஸ்டாட் விவரத்தையும் தனியே சேமித்தோம். இரண்டாவது, தொடும் நேரம். நாம் மாலை ஆறரைக்குத் தொட்டால், பெட்டி குறித்து வைக்கும் நேரமும் ஆறரைக்குப் போய்விடும். அதற்கு முன்பே மாலைக் கணக்கை மூடிய மையங்களின் கோப்புகள் அதே வழியில் விடுபடும். மீட்கப் போய் இன்னொரு வேளையைத் தொலைத்திருப்போம். மாலைக் கொள்முதல் நான்கு மணிக்குத்தான் தொடங்கும். எனவே இரண்டு வேளைக்கும் நடுவில் 14.30-க்குத் தொட்டு, கையால் ஒரு முறை ஓடவிட்டோம்.

53 கோப்புகளும் உள்ளே வந்தன, 1,962 பதிவுகள். மூன்று மையங்களின் சீட்டுப் புகைப்படங்களை வரவழைத்து வரிக்கு வரி ஒப்பிட்டோம். அந்த அம்மாவின் 20 வேளையும் இருந்தன. மாலை ஆறு மணிக்குத் திருத்திய பட்டியல் போனது. மறுநாள் குறித்தபடி பணம் ஏறியது.

பிறகு செப்டம்பர் நடுப்பகுதி வரை பின்னோக்கி எண்ணினோம். ஏற்கெனவே பணம் கொடுத்து முடித்த தவணைகளில் இன்னும் 22 கோப்புகள் விடுபட்டிருந்தன. கணக்குப் பிரிவின் பழைய புகார்களைப் புரட்டினால், அக்டோபரில் இரண்டு ஏஜென்டுகள் இதையே சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் 'மையத் தவறு' என்று மூடப்பட்டிருந்தன. அந்த 22-க்குமான பாக்கி அடுத்த தவணையோடு தனி வரியாகக் கொடுக்கப்பட்டது. இரண்டு ஏஜென்டுகளுக்கும் நிறுவனத்தின் சார்பில் மேற்பார்வையாளர் நேரில் போய் விளக்கம் சொன்னார். எங்கள் குழுவும் போனில் பேசி மன்னிப்புக் கேட்டது.

திருத்தமும் அதிலிருந்த ஓட்டையும்

கோப்பு அனுப்பும் மென்பொருளில் நேரம் காக்கும் குறியை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். 140 கணினிகளில் அதை மாற்றி முடிக்க வாரங்கள் ஆகும், நாளைக்கு யாராவது இன்னொரு மென்பொருள் வைத்தால் மறுபடி இதே கதை. எங்கள் பக்கமும் திருத்த வேண்டும்.

நைஃபையில் 'ட்ராக்கிங் என்டிட்டீஸ்' என்று இன்னொரு முறை உண்டு. அது கோப்புகளைத் தனித்தனியே நினைவில் வைக்கும். பழைய நேரத்தோடு வருவதையும் எடுக்கும். அதற்கென ஒரு தற்காலிக நினைவுச் சேவையை ஓட்ட வேண்டும், நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். சோதனைச் சூழலில் அமைத்து, ஐந்து மணி நேரம் பழைய கோப்பு ஒன்றைப் போட்டோம். எடுக்கவில்லை! இந்த முறைக்கு ஒரு கால எல்லை உண்டு, சொல்லாவிட்டால் அது மூன்று மணி நேரம். அதற்கு முந்தைய நேரமுள்ள கோப்பை இதுவும் பார்க்காது. நாங்கள் சேமித்து வைத்த ஸ்டாட் விவரங்களில் அதிகபட்சத் தாமதம் 41 மணி நேரம். எனவே 72 மணி நேரம் என்று வைத்து, நவம்பர் 18-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தோம்.

கூடவே ஓர் ஒப்பீட்டு அறிக்கையும் தொடங்கியது. வர வேண்டியவை, கோப்புறையில் இருப்பவை, தரவுத்தளத்தில் இருப்பவை என்ற மூன்று எண்ணும் காலை 10.30-க்கும் இரவு 10 மணிக்கும் மையவாரியாக எங்கள் குழுவுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் போகும். நைஃபைக்கு வெளியே, அதன் நிலையை எதுவும் கேட்காமல் ஓடும் சின்ன நிரல் அது. 60 வரிகூட இராது. இந்த நிகழ்வில் நாங்கள் செய்தவற்றில் மிகவும் பயன்பட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பதே நாளில் அது வேலை செய்தது. நவம்பர் 27 காலை அறிக்கையில் ஒரு மையம் சிவப்பு: கோப்புறையில் உண்டு, தரவுத்தளத்தில் இல்லை. அந்த ஊரில் மழையும் இல்லை, மின்வெட்டும் இல்லை. கோப்பின் நேரத்தைப் பார்த்தால் 2009 ஜனவரி. அந்த மையத்துக் கணினியின் மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு முறை மின்சாரத்தை நிறுத்திப் போடும்போதும் கடிகாரம் பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது. பால் மென்பொருள் வேளையைத் தொடங்கும்போது தேதியைக் கேட்கும், ஏஜென்ட் சரியாகவே கொடுத்திருக்கிறார். அதனால் கோப்பின் பெயரும் உள்ளே இருந்த தேதிகளும் சரி, கோப்பின் நேரம் மட்டும் தவறு. எஸ்எஃப்டிபி இணைப்பு மையத்தின் கடிகாரத்தைப் பற்றிக் கவலைப்படாது என்பதால் அனுப்புவதிலும் தடை இல்லை.

72 மணி நேரத்தை 72 நாளாக்கினாலும் இந்தக் கோப்பு வராது. எவனோ ஒருவன் கணினியின் கடிகாரத்தை நம்பி, ஒருவர் ஊற்றிய பால் கணக்கில் வருமா வராதா என்று முடிவு செய்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் நேரத்தைப் பார்ப்பதையே விட்டோம். பட்டியலிடும் பெட்டி இப்போது எதையும் நினைவில் வைப்பதில்லை. கோப்புறையில் என்ன இருக்கிறதோ அத்தனையையும் எடுக்கும். எடுத்து முடித்ததும் ஃபெட்ச்எஸ்எஃப்டிபி கோப்பை 'எடுத்தவை' என்ற கோப்புறைக்கு நகர்த்திவிடும். வெளியே கிடப்பது எல்லாம் இன்னும் எடுக்காதது என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம். ஒரு கோப்பு இரண்டு முறை வந்தாலும் கெடாமல் இருக்க, மையம், தேதி, வேளை, வரிசை எண் நான்கையும் சேர்த்து அட்டவணைக்குத் தனித்திறவு வைத்தோம். ஏற்கெனவே இருந்தால் அதன் மேலேயே எழுதும். முதலில் வைத்திருக்க வேண்டிய திறவு. அது இருந்திருந்தால் நவம்பர் 14 மதியம் அத்தனை பயந்திருக்க வேண்டியதில்லை.

பிறகு நடந்தவை

பேட்டரி தீர்ந்த மையத்துக்கு அன்று மாலையே களப்பணியாளர் போய்ப் புதிது போட்டார். மற்ற மையங்களின் கடிகாரங்களையும் பார்க்கச் சொன்னோம். 11 கணினிகளில் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் பிசகியிருந்தது.

ஜனவரியில் எண்ணிக்கை ஒப்பீட்டால் பிடிக்க முடியாத ஒன்று வந்தது. ஒரு கோப்பு வந்தது, உள்ளேயும் ஏறியது, ஆனால் பாதி வரிகள்தான் இருந்தன. இணைப்பு நடுவில் அறுந்து, மீதி வந்து சேர்வதற்குள் எங்கள் பெட்டி எடுத்துவிட்டது. வேளை முடிந்ததும் மொத்த லிட்டரை மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தியில் அனுப்புவது ஏஜென்டுகளின் பழைய வழக்கம். அந்த லிட்டரும் நம் லிட்டரும் ஒத்துப்போகவில்லை என்று மேற்பார்வையாளர் கவனித்துச் சொன்னார். அதன் பிறகு, அனுப்பும்போது வேறு பின்னொட்டோடு அனுப்பி, முழுதும் வந்த பிறகே சிஎஸ்வி என்று பெயர் மாற்றும்படி நிரலைத் திருத்தினோம். குறுஞ்செய்தி லிட்டரும் ஒப்பீட்டு அறிக்கையில் நான்காவது எண்ணாகச் சேர்ந்தது. கணினி வழியே வராத எண் அது என்பதால், எங்கள் அமைப்பு எந்த விதத்தில் தவறினாலும் அது தவறாது.

இனி வேறு மாதிரி செய்பவை

தரவு குறைகிறது என்று புகார் வந்தால் முதல் மணி நேரத்திலேயே இரண்டு பக்கமும் எண்ணுவோம். அமைப்புக்குள் பிழை தேடுவது அதற்குப் பிறகு. நாங்கள் அரை நாளை உள்ளே தேடிச் செலவழித்தோம். எண்ணி முடிக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆனது.

புரொவெனன்ஸ் சேமிப்பை 24 மணி நேரத்திலிருந்து 15 நாளாக உயர்த்தியிருக்கிறோம். ஒரு தவணையும் அதன் பட்டுவாடாவும் அதற்குள் அடங்க வேண்டும் என்பது கணக்கு. கூடுதல் வட்டு வாங்க வேண்டியிருந்தது.

களக்குழு மையக் கணினிகளில் எதை மாற்றினாலும், இணையம் மோசமான இரண்டு மையங்களையும் சோதனையில் சேர்த்து, இணைய வயரைப் பிடுங்கி மூன்று மணி நேரம் கழித்துச் செருகிப் பார்த்த பிறகே மற்ற ஊர்களுக்குப் போகும். அந்தச் சோதனையில் எங்கள் குழுவிலிருந்தும் ஒருவர் இருப்பார்.

சீட்டோடு வரும் புகாரை 'மையத் தவறு' என்று கணக்குப் பிரிவு தனியாக மூட முடியாது. மூலக் கோப்பை ஒப்பிட்டுப் பார்த்தோம் என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுத வேண்டும்.

12 மையங்களில் ஏஜென்டுகள் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் இல்லை. அந்த ஊர்களின் மொத்த லிட்டரை மேற்பார்வையாளர் இரவு போன் செய்து கேட்டு எழுதுகிறார். அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது. அதற்கு இன்னும் வழி செய்யவில்லை.